தீவுத் தொட்டியின் உண்மையான செலவு

கேள்வி: அந்தமான்-நிக்கோபார் தளங்களில் ராணுவத்துக்கு எரிபொருள் சேர்த்து வைக்கக் கோடிகோடியாகக் கொட்டுவது வீண்தானே? வேண்டும்போது கப்பலில் அனுப்பினால் போதாதா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: போதாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அப்போதும் நமக்குக் குப்பனூர் வழி இருந்தது. சங்ககிரி டெர்மினலுக்கு எரிபொருள் குழாயிலேயே வந்து சேர்கிறது; அங்கிருந்து மலைக்கு லாரி ஏறினால் போதும். ஆனால் நிக்கோபாரின் காம்ப்பெல் பேயில் 2012இல் தொடங்கிய ஐ.என்.எஸ். பாஸ் கடற்படை விமானத் தளத்துக்குச் சரக்குக் கப்பல்தான் கதி. கடல் கொந்தளிக்கும்போதும் சண்டை மூண்ட பிறகும் டேங்கர் வரும் வரை விமானங்களைத் தரையில் நிறுத்தி வைக்க முடியுமா? கையிருப்பு வேண்டும். அதற்கு ஆகும் பணம் வீண் இல்லை.

சரி, செலவைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பயப்பட வேண்டியது கட்டும் செலவுக்கு அல்ல, பராமரிப்பில் மிச்சம் பிடிப்பதற்கு. ஹவாய்த் தீவுகளில் அமெரிக்கக் கடற்படை ரெட் ஹில் மலையைக் குடைந்து 1940களின் தொடக்கத்தில் 20 தொட்டிகள் கட்டியது. ஒவ்வொன்றிலும் சுமார் 4.7 கோடி லிட்டர் பிடிக்கும். அடியில் சுமார் 100 அடி ஆழத்தில் ஊரின் குடிநீர். 2014இல் ஒரு தொட்டியிலிருந்து லட்சம் லிட்டர் கசிந்தது. மூடுங்கள் என்று உள்ளூர்க்காரர்கள் மன்றாடினார்கள், கடற்படை கேட்கவில்லை. 2021 மே மாதம் சிந்திய எரிபொருள் தீயணைப்புக் குழாய் ஒன்றில் புகுந்து மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை. நவம்பரில் சுரங்கத்துக்குள் ஓடும் சிறிய வண்டி ஒன்று அந்தக் குழாயின் வால்வில் இடித்தது. அவ்வளவுதான், எரிபொருள் கொட்டிக் குடிநீரில் கலந்தது; சுமார் 93,000 பேருக்கு நீர் தரும் குழாய்களில் விமான எரிபொருள் வாடை. குழந்தைகளுக்குத் தோல் தடிப்பு, வாந்தி. குடும்பங்கள் வீட்டை விட்டு ஓட்டல்களில் தங்கின. 2022 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் லாய்டு ஆஸ்டின் நிரந்தரமாக மூட உத்தரவிட்டார். தொட்டிகளைக் காலி செய்யவே முதலில் பழைய குழாய்களைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. அந்த வேலை 2024 வரை இழுத்தது. இதற்கெல்லாம் ஆன பணத்தில் ஒரு பங்கைச் சோதனைக்கும் பழுதுக்கும் முன்பே கொடுத்திருக்கலாம்.

ஆகவே, தொட்டி வேண்டாம் என்று எழுதாதீர்கள். நம் எம்.பி.யிடம் இதைக் கேளுங்கள்: தீவுத் தளங்களில் எரிபொருள் தொட்டிகளையும் அவற்றின் அடியில் உள்ள நிலத்தடி நீரையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள்? அந்த முடிவுகள் அங்கே குடியிருக்கும் மக்கள் கைக்குப் போகின்றனவா?