எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்? வானம் பார்க்கத் தொடங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்விகள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் எழுத முடியாது. தொடங்குமுன் ஒன்று: தொலைநோக்கியையோ பைனாகுலரையோ எக்காரணம் கொண்டும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பள்ளிக்கு 12,000 ரூபாய் நன்கொடை கிடைத்திருக்கிறது. தொலைநோக்கி வாங்கலாமா, பைனாகுலர் வாங்கலாமா?

பைனாகுலர் வாங்குங்கள், அம்மா. 10×50 என்று எழுதியிருக்கும். 10 என்பது உருப்பெருக்கம். 50 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இருட்டில் முழுதாக விரிந்த நம் கண்மணியின் விட்டம் அதிகபட்சம் 7 மி.மீ. அதோடு ஒப்பிட்டால் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 50 மடங்கு ஒளியைச் சேர்த்துத் தருகிறது. வானத்தில் நமக்குத் தேவைப்படுவது அந்த ஒளிதான்.

அதில் ஒரே பார்வையில் ஆறரைப் பாகை அகலமுள்ள வானம் தெரியும். பதின்மூன்று முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் அடங்கும் அகலம் அது. மலிவான தொலைநோக்கியில் ஒரு விண்மீனைக் கண்டுபிடிக்கவே குழந்தைகள் அரைமணி நேரம் தடுமாறுவார்கள். வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கு ஆர்வம் வடிந்துவிடும். பைனாகுலரில் கையை உயர்த்தினால் போதும். தை, மாசி மாதங்களில் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டுங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிந்த இடத்தில் பல பத்து விண்மீன்கள் நீலம் பாய்ந்து நிற்கும். ஓரியன் என்னும் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டைக்குக் கீழே ஒரு புகைத்திட்டு தெரியும். அது விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் முகில். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் தெரியும், ஆனால் கை நடுங்கக் கூடாது. முழங்கைகளை மொட்டைமாடிச் சுவரில் ஊன்றச் சொல்லுங்கள். சாய்வு நாற்காலி கிடைத்தால் இன்னும் நல்லது.

'ஜூம்' செய்யும் பைனாகுலர் வேண்டாம். 20×50 வேண்டாம். பகலில் பைனாகுலர் மாணவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. சூரியனை நோக்கி ஒரு கணம் திரும்பினாலும் கண் போய்விடும்.

நாகர்கோவில்: 70 மி.மீ. தொலைநோக்கி ஒன்றின் பெட்டியில் '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

கணக்குச் சரி, காட்சி வராது. அந்தக் குழாயின் குவியத்தூரம் 700 மி.மீ. இருக்கும். கூடவே 4 மி.மீ. ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ், ஒன்று தந்திருப்பார்கள். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. அதன் மேல், உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ். 175-ஐ மூன்றால் பெருக்கினால் 525. ஆனால் விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதுதான் உருப்பெருக்கத்தின் எல்லை. 70 மி.மீ.க்கு 140. அதற்கு மேல் போனால் படம் இருண்டு கலங்கும். பெட்டியில் உருப்பெருக்கத்தைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கும் எதையும் வாங்காதீர்கள்.

மதுரை, கல்லூரி மாணவி: என் நட்சத்திரம் திருவாதிரை என்று பாட்டி சொல்வார். அதை உண்மையிலேயே வானத்தில் பார்க்க முடியுமா?

இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. தாராளமாகப் பார்க்கலாம், தங்கையே. மாசி மாதத்து முன்னிரவில் தலையை உயர்த்தினால் ஓரியனின் தோளில் செம்மஞ்சளாக ஒளிரும் பெரிய விண்மீன்தான் ஆதிரை. உலகம் பெட்டல்ஜியூஸ் என்று அழைப்பது அதைத்தான். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் அது வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மங்கியது. ஒவ்வோர் இரவும் மாடிக்குப் போய், பக்கத்தில் இருக்கும் ரோகிணியோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் எல்லாருடைய நட்சத்திரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரோகிணி ரிஷபத்தின் சிவந்த கண். மகம் சிம்மத்தின் நெஞ்சு. சித்திரை வெண்ணீலம், சுவாதி ஆரஞ்சு. சித்திரை, வைகாசி முன்னிரவுகளில் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். கேட்டை விருச்சிகத்தின் நடுவே செந்நிறம். பைனாகுலரில் பார்த்தால் இந்த நிறங்கள் இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

அடுத்து அருந்ததி. சங்கப் பாடல்கள் வடமீன் என்று சொல்வது இதைத்தான். கல்யாண மண்டபத்தில் பட்டப்பகலில் காட்டுவதாகப் பாவனை செய்கிறோம்; எத்தனை தம்பதியர் அதை இரவில் தேடிப் பார்த்திருப்பார்கள்? சித்திரை, வைகாசியில் வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வாலில், நுனியிலிருந்து இரண்டாவதாக வசிட்டர். ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. சிறிய தொலைநோக்கியைத் திருப்பினால் வசிட்டரே இரண்டாகப் பிரிவார். பாட்டியையும் மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தஞ்சாவூர்: அடுத்த குருப்பெயர்ச்சி எங்கள் ராசிக்கு எப்படி இருக்கும்?

வியாழன் எங்கே நிற்கிறது என்று சொல்வேன். பலன் சொல்வது என் துறை அல்ல.

சேலம்: 'ஈக்வடோரியல்' தாங்கியோடு வரும் 5 அங்குலத் தொலைநோக்கியும், 'டாப்சோனியன்' 6 அங்குலமும் ஏறக்குறைய ஒரே விலை. முதலாவது விண்மீன்களைத் தொடர்ந்து செல்லுமாமே?

தொடரும், அதன் சுழல் அச்சை வானின் வடதுருவத்தை நோக்கிச் சரியாக நிறுத்தினால். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நமக்கு அறிவுரை சொல்லும் காணொளிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. அங்கே துருவ நட்சத்திரம் 40, 50 பாகை உயரத்தில் நிற்கும். அதன் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமம். சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8. எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மறைத்துவிடும். மறைக்காவிட்டால் அடிவானத் தூசு மறைக்கும். தாங்கியின் அச்சையும் அவ்வளவு தாழ்த்த வேண்டும். மலிவான தாங்கிகள் பலவற்றில் அது முடியாது. தாழ்த்தினால் எதிர் எடைத்தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். புதிதாக வாங்கியவர்கள் 'எனக்கு இது வராது' என்று பரணில் ஏற்றிவிடுவார்கள். குறை அவர்களிடம் இல்லை, அந்தத் தாங்கி நம் அட்சரேகைக்குப் பொருந்தவில்லை.

டாப்சோனியன் என்பது சுழலும் மரப்பெட்டியில் உட்காரும் எதிரொளிப்புத் தொலைநோக்கி. இந்த முறையைப் பரப்பியவர் ஜான் டாப்சன். சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்தத் துறவியாக இருந்தவர். அட்டைக்குழாயும் ஒட்டுப்பலகையும் கொண்டு தொலைநோக்கி செய்து, நடைபாதையில் போவோர் வருவோருக்கெல்லாம் சனியைக் காட்டினார். உங்கள் ஊர்த் தச்சரே அந்தப் பெட்டியைச் செய்து தருவார். 6 அங்குலத்தையே வாங்குங்கள். உச்சி வானத்தைப் பார்க்கும்போது மட்டும் திருப்புவது சற்றுக் கடினமாக இருக்கும், பழகிவிடும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் அட்சரேகை தாங்கிக்குத்தான் இடைஞ்சல், வானத்துக்கு வரம். தனுசு ராசியில் நிற்கும் கிரகம் லண்டனில் அதிகபட்சம் 15 பாகை உயரம்தான் ஏறும். தமிழ்நாட்டில் 50 பாகைக்கும் மேலே ஏறும். காற்றின் கலக்கம் அந்த அளவுக்குக் குறைவு. மே மாத நடுவில் இரவு 10 மணிக்குத் தெற்கே திரிசங்குவை, அதாவது தென்சிலுவையை, பார்த்துவிட்டு, சற்று மேலே ஒமேகா சென்டாரியைத் தேடுங்கள். லட்சக்கணக்கான விண்மீன்கள் திரண்ட உருண்டை அது; பைனாகுலரில் பஞ்சுப்பொதி போலத் தெரியும். லண்டனில் அது உதிப்பதே இல்லை.

திருப்பூர்: 20,000 ரூபாய்க்குள் எந்தத் தொலைநோக்கி?

5 அங்குலக் கண்ணாடி, மேசைமேல் வைக்கும் டாப்சோனியன். கிடைக்காவிட்டால் நல்ல பைனாகுலர்.

வேலூர்: 30,000 ரூபாய்க்குள் எந்தத் தொலைநோக்கி?

சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். விலை மாறலாம், பதில் மாறாது: விட்டம் பெரிதாக, தாங்கி ஆடாததாக, நீங்கள் தனியாகவே மாடிக்குத் தூக்கிச் செல்லக்கூடியதாக.

கும்பகோணம்: ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதை மாட்டிச் சூரியனைப் பார்க்கலாம்தானே?

கூடாது. இப்போதே எடுத்துக் குப்பையில் போடுங்கள். வேறு யாரும் எடுக்காதபடி உடைத்துப் போடுங்கள். முழு லென்ஸும் திரட்டிய வெயில் குவியும் இடத்தில் அந்தச் சிறு கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் அது விரிசல் விட்ட அடுத்த நொடி உங்கள் விழித்திரை எரியும். விழித்திரைக்கு வலி தெரியாது; பார்வை போன பிறகுதான் தெரியும்.

வடிகட்டி குழாயின் முன்வாயில், ஒளி உள்ளே நுழையும் முன்பே, சூரியனுக்கென்றே செய்த தாளாக இருக்க வேண்டும். காற்றில் கழன்றுவிடாதபடி கட்ட வேண்டும். பக்கத்திலுள்ள குறிகாட்டிச் சிறுகுழாயையும் மூட வேண்டும். அதுவும் ஒரு தொலைநோக்கிதான். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தன்று எக்ஸ்ரே தாளோடு பைனாகுலரைத் தூக்கிய ஓர் இளைஞரின் கையைப் பிடித்துத் தடுத்தேன். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கியில் பார்ப்பதும் அதே ஆபத்துதான்.

சென்னை, மென்பொருள் பொறியாளர்: ஐயா, நான் ஒரு ஸ்மார்ட் தொலைநோக்கி வாங்கினேன். அதுவே வானத்தை அறிந்து திரும்பி, படங்களை அடுக்கி, பத்து நிமிடத்தில் ஓரியன் முகிலை வண்ணத்தில் போனில் காட்டுகிறது. உங்கள் 6 அங்குலத்தில் வேளச்சேரி மாடியிலிருந்து சாம்பல் திட்டுதான் தெரியும். பழைய முறையை ஏன் இன்னும் பரிந்துரைக்கிறீர்கள்?

சாம்பல் திட்டு என்பது உண்மை. மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. ஆனால் அந்த ஒளி ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பயணம் செய்து உங்கள் கண்ணுக்குள்ளேயே வந்து முடிகிறது. போன் திரையில் நீங்கள் பார்ப்பது படம். படம்தான் வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்தவை இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

மீண்டும் அவரே: அப்படியானால் காவலூர் வானாய்வகத்தில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியிலும் யாரும் கண்ணை வைத்துப் பார்ப்பதில்லையே. அறிவியலாளர்கள் திரையில் பார்த்தால் சரி, நான் பார்த்தால் தவறா?

தவறு என்று சொல்லவில்லை. அவர்கள் அளப்பதற்காகப் பார்க்கிறார்கள். நீங்களும் அளக்கத் தொடங்கினால், உதாரணமாக ஒளி கூடிக் குறையும் மாறொளி விண்மீன் ஒன்றின் ஒளியை மாதக்கணக்கில் குறித்து வந்தால், உங்கள் கருவியை நானே முதலில் பாராட்டுவேன். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். இந்த ஊருக்கு அந்த மரபு உண்டு. என் கவலை வேறு. கருவி தானே திரும்பித் தானே காட்டினால், எந்த விண்மீன் எங்கே என்று நீங்கள் கற்கவே மாட்டீர்கள். மின்கலம் தீர்ந்தால் வானம் அந்நியமாகிவிடும்.

இடையில் புதுச்சேரியிலிருந்து ஓர் அம்மா: இந்த வாதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் கணவருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. குனிந்து ஐபீஸில் பார்க்க முடியாது. மகன் வாங்கித் தந்த அந்தக் கருவியில்தான் எழுபது வயதில் முதன்முதலாக ஆண்ட்ரோமெடா மண்டலத்தைப் பார்த்தார். அன்று இரவு அவர் தூங்கவில்லை.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இப்படி ஒருவரை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. 'படம்தான்' என்று மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தன் மாடியிலிருந்து, தன் கருவி, அன்றைய இரவின் ஒளியைத் திரட்டித் தந்த காட்சிக்கும் இணையப் படத்துக்கும் வேறுபாடு இருக்கிறது. சென்னை நண்பரும் இதைத்தான் சொல்ல முயன்றார். ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு என் வரிசை மாறவில்லை: முதலில் வெறுங்கண், பிறகு பைனாகுலர், அதன்பின் எந்தக் கருவியானாலும் சரி. கருவி ஒரு பக்கம் படத்தை அடுக்கிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே அவர் அண்ணாந்து பார்க்கட்டும்.

கடலூர்: பைனாகுலர் லென்ஸுக்குள் சிலந்திவலை போல ஏதோ படர்ந்திருக்கிறது.

பூஞ்சை. நம் கடலோரத்தில் கருவிகளைக் கொல்வது இதுதான். என் முதல் பைனாகுலரை அதன் தோலுறையிலேயே போட்டு பீரோவில் வைத்தேன்; ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து எடுத்தபோது உள்கண்ணாடி முழுதும் படர்ந்திருந்தது. தோலுறையும் துணிப்பையும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். பனியில் நனைந்த கருவியை உலராமல் மூடாதீர்கள். நீங்களே கழற்ற வேண்டாம். லென்ஸ் அச்சு விலகினால் இரண்டிரண்டாகத் தெரியும். கேமரா பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

விழுப்புரம்: 25,000 ரூபாய்க்குள் எந்தத் தொலைநோக்கி நல்லது?

மேலே மூன்று முறை சொல்லிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

ஓசூர்: சனியின் வளையம் என் 10×50-இல் தெரியவில்லையே?

தெரியாது. குறைந்தது 25 மடங்கு வேண்டும். மேலும் 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது; அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு விரிந்து வரும்.

திண்டுக்கல், ஏழாம் வகுப்பு: என்னிடம் எதுவும் இல்லை. வாங்கித் தரவும் முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். நான் என்ன பார்ப்பது?

தம்பி, வளர்பிறை தொடங்கியதும் சூரியன் முழுதாக மறைந்த பிறகு மேற்கே பார். பிறை தெரியும். ஒரு நோட்டில் எதிரே உள்ள மரம், கூரை, மின்கம்பம் எல்லாவற்றையும் வரைந்து, அவற்றுக்கு மேலே பிறையைச் சரியான இடத்தில் போடு. கையை முழுதாக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. மறுநாள் அதே இடத்தில், அதே நேரத்தில் நில். நிலா ஒரு முட்டிக்கும் சற்று அதிகமாகக் கிழக்கே நகர்ந்திருக்கும். அதையும் அதே படத்தில் போடு. பக்கத்தில் பிரகாசமான விண்மீன் ஏதாவது இருந்தால் அதையும் குறி. பத்து நாள் வரைந்த பிறகு எனக்கு அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் தேதியும் நேரமும் எழுத மறக்காதே.