அம்மை குத்திய கை: சில கேள்விகள்

போன மாதம் அம்மை குத்துவதைப் பற்றி, அதாவது அந்தக் காலத்தில் பெரியம்மைக்குப் போட்ட தடுப்பூசியைப் பற்றி, போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்குப் பிறகு கீழக்கரையிலிருந்து தொண்டி வரை ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவின் கையில் காசு அளவுக்கு இரண்டு தழும்பு. எனக்குச் சின்னதாக ஒன்றுதான். இரண்டும் ஒரே ஊசிதானே? (கீழக்கரை)

இல்லை. உங்களுடையது பி.சி.ஜி., காசநோய்க்குப் போடுவது. அம்மாவுடையதுதான் அம்மை குத்திய தழும்பு. பெரியம்மைக் கிருமியையே கொஞ்சமாக உள்ளே விட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, உள்ளே போனது வேக்சினியா என்ற வேறொரு வைரஸ். பெரியம்மைக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முகஜாடை அவ்வளவு ஒத்துப்போவதால், இதோடு ஒரு தடவை மல்லுக்கட்டிய உடம்பு அதையும் பார்த்த உடனே அடித்து விரட்டிவிடும். குத்திய இடத்தில் மூன்று நான்கு நாளில் சின்ன மேடு, அப்புறம் நீர்க்கொப்புளம், அது சீழ் வைத்துப் பொருக்குத் தட்டி உதிர மூன்று வாரம் ஆகும். உயிருள்ள வைரஸ் தோலில் பெருகியதன் அடையாளம் அந்தக் குழி. ஒரு வாரம் கழித்து வந்து "பழுத்துச்சா?" என்று பார்ப்பார்கள், பழுக்காவிட்டால் மறுபடியும் குத்து. 1980 மே மாதம் உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டுவிட்டது என்று அறிவித்தார்கள், அதனால்தான் உங்கள் வயதுக்காரர்கள் கையில் அது இல்லை.

தாத்தா தோட்ட வேலைக்கு இலங்கை போனபோது, மண்டபம் கேம்பில் அம்மை குத்தித்தான் கப்பல் ஏற்றினார்கள் என்பார். அந்த மருந்து எதிலிருந்து எடுத்தது?

கன்றுக்குட்டியிலிருந்து. ஆமாம், நிஜமாகவே. கன்றின் தோலை மழித்து, லேசாகக் கீறி, வைரஸைத் தடவி விடுவார்கள். சில நாளில் கொப்புளம் கிளம்பியதும் சுரண்டி எடுத்து கிளிசரினில் கலப்பார்கள், இதுதான் நம் பெரியவர்கள் சொன்ன அம்மைப்பால். சென்னை மாகாணத்துக்கு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இதைத் தயாரித்தது. சிக்கல் என்னவென்றால் அதற்கு வெயில் ஆகாது, நம்மூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1950களில் உறையவைத்து உலர்த்திய பொடி மருந்து வந்தபிறகுதான் ஐஸ் பெட்டி இல்லாத ஊருக்கும் கெடாமல் கொண்டுபோக முடிந்தது. பெரியம்மையை ஒழித்ததில் பாதிப் பெருமை அந்தப் பொடிக்குத்தான் என்பேன். மீதி, இரண்டு முனை கொண்ட கவட்டை ஊசிக்கு. மருந்தில் தொட்டு ஒரே இடத்தில் 15 தடவை குத்த வேண்டும், ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

வேக்சினியாவும் மாட்டம்மையும் ஒன்றுதானா? (ராமநாதபுரம், கல்லூரி மாணவி)

ஒன்றுதான் என்றே நெடுநாள் நினைத்தார்கள். தடுப்பூசிக்கு வழிகாட்டிய ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் 1796ல் பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்துத்தானே குத்தினார். ஆனால் இரண்டும் வேறு வேறு என்று 1939ல் தெரிந்துவிட்டது. 1902ல் அமெரிக்காவில் செய்த ஒரு மருந்தை 2017ல் ஆராய்ந்தபோது அது குதிரையம்மைக்குத்தான் நெருக்கமாக இருந்தது. கைமாறிக் கைமாறி வந்ததில் எங்கே எப்போது எது கலந்தது என்பதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

தேர்வுக்கு இதையும் வைத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ. வைரஸ்கள் பெரும்பாலும் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து அங்குள்ள நொதிகளைக் கடன் வாங்கித்தான் பெருகும். வேக்சினியா அப்படிப் போவதில்லை. கட்டுச்சோறு மூட்டையோடு வருகிற விருந்தாளி மாதிரி, தனக்கு வேண்டிய நொதிகளைக் கையோடு கொண்டுவந்து உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்திலேயே கடை விரித்துவிடும். ஏறக்குறைய 200 மரபணு வைத்திருக்கிற பெரிய வைரஸ் அது, அதனால் சிலவற்றை எடுத்துவிட்டு வேறொரு மரபணுவைச் செருகினாலும் தாங்கும். அப்படி வெறிநோய் வைரஸின் ஒரு மரபணுவைச் செருகி, இரையில் வைத்து, ஐரோப்பாவில் நரிகளுக்கு வெறிநோய்த் தடுப்பு மருந்தாகப் போட்டார்கள். (தெருநாய்க்கும் போடலாமே என்று கேட்டு எழுதாதீர்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டுப் புண்ணை நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.)

துபாய் போகிறேன். குரங்கம்மை என்கிறார்களே, அதற்கு இருக்கிற தடுப்பூசியும் பழைய அம்மை ஊசிதானா?

அதே வேக்சினியாதான், பல் பிடுங்கியது. கோழிக்கரு செல்களில் 500 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்ததில் தன் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தொலைத்துவிட்டது. மனித செல்லுக்குள் நுழையும், ஆனால் பெருக முடியாது. கொப்புளமும் இல்லை, தழும்பும் இல்லை. பழைய மருந்து கரப்பான் என்ற தோல் நோய் உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் ஆபத்தாக முடியலாம், இதில் அந்தப் பயம் மிகக் குறைவு. நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. எல்லாருக்கும் போடுவதில்லை, தொற்று வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்குத்தான்.

வேக்சினியா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

குணப்படுத்தும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஒரு குறிப்பிட்ட மரபணுவை எடுத்துவிட்டால் அந்த வைரஸ் வேகமாகப் பிரியும் செல்களில்தான் நன்றாகப் பெருகும், புற்றுசெல் அந்த ரகம். ஆனால் இப்படிச் செய்த ஒன்றை ஈரல் புற்றுக்குப் பெரிய அளவில் சோதித்தபோது பலன் தெரியாததால் 2019ல் பாதியில் நிறுத்தினார்கள். ஆராய்ச்சி தொடர்கிறது, மருந்தாக இன்னும் வரவில்லை.

ஆட்டுக்கு வாயைச் சுற்றிப் புண். எனக்கும் விரலில் ஒரு கட்டி. பெரியம்மையா? (தேவிபட்டினம்)

ஐயோ, இல்லை. பெரியம்மை இன்று உலகில் யாருக்கும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆட்டிலிருந்து தொற்றுகிற வேறொரு அம்மை வகை போலிருக்கிறது, பெரும்பாலும் சில வாரத்தில் தானே ஆறிவிடும். எருமை மடியில் கொப்புளம் இருந்து, கறந்தவர் கையிலும் வந்தால் அது எருமையம்மை. அதுதான் வேக்சினியாவின் சொந்த வீட்டுப் பிள்ளை. இரண்டுக்கும் கீறிப் பிதுக்காதீர்கள், துணி சுற்றி மூடி வையுங்கள், அந்தக் கையால் கண்ணைக் கசக்காதீர்கள். டாக்டரிடம் காட்டும்போது ஆட்டுக்கும் புண் இருப்பதை முதலில் சொல்லுங்கள், ஆட்டைக் கால்நடை மருத்துவரிடம் ஓட்டிப் போங்கள்.