தினமும் பயன்படுத்தும் இணையச் சேவையை மூடிவிட்டால் என்ன செய்வது?

நெடுநாள் பயன்படுத்திய செயலியை மூடப்போகிறார்கள், அதிலிருப்பதை எப்படி மீட்பது, அடுத்ததை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே முதலாவதற்கும் பதில் இருக்கிறது. எந்தச் செயலியில் சேர்ந்தாலும் வெளியே வரும் வழி எங்கே என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

பல வலைப்பதிவுகளின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் தந்த பழக்கம் இது. 2005இல் வந்த அந்தச் சேவையை மூடப்போவதாக 2013 மார்ச்சில் அறிவித்தார்கள். ஜூலை 1இல் மூடியும் விட்டார்கள். நான் தொடர்ந்து படித்த வலைப்பதிவுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஆனாலும் பெரிதாக எதுவும் போகவில்லை. நம் தரவை இறக்கிக்கொள்ள கூகுளே தரும் டேக்அவுட்டிலிருந்து ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இறங்கியது. நோட்பேடில் திறந்து பார்த்தால், வலைப்பதிவின் பெயர், புதிய பதிவுகளை எடுத்துவரும் அதன் ஃபீட் முகவரி, அடுத்த வலைப்பதிவு, அதன் முகவரி என்று போகிறது, அவ்வளவுதான். ஓபிஎம்எல் என்ற பொதுவான வடிவம் அது. வேறொரு ஃபீட் ரீடரில் ஏற்றியதும் அத்தனையும் வந்து உட்கார்ந்துவிட்டன.

பிற்பாடு ஒரு குறிப்பெடுக்கும் செயலியில் (பெயர் வேண்டாம்) நேர்மாறாக நடந்தது. உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பொத்தான் என்னவோ இருந்தது. அழுத்தினால் எல்லாக் குறிப்புகளும் ஒரே பிடிஎஃப்பாக வந்து விழுந்தன. தேதி இல்லை, டேக் இல்லை, ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுத்திருந்த இணைப்பு எதுவும் வேலை செய்யவில்லை. வீட்டைக் காலி செய்கிறேன், சாமான்களைக் கொடுங்கள் என்றால் வீட்டைப் போட்டோ எடுத்துக் கொடுத்த கதை.

அதனால் பொத்தான் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். சேர்ந்த அன்றே இரண்டு மூன்று குறிப்புகளைப் போட்டு, எக்ஸ்போர்ட் செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். மின்னஞ்சல் எம்பாக்ஸ் என்ற பொதுவான வடிவக் கோப்பாக வந்தால் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். தொடர்பு எண்களுக்கு விகார்டு என்ற பொதுவான வடிவம், குறிப்புகளுக்கு மார்க்டவுன் (எளிய குறிகள் சேர்த்த டெக்ஸ்ட்) அல்லது வெறும் டெக்ஸ்ட். இவை கிடைத்தால் கவலை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் சட்டம், தான் கொடுத்த தரவைக் கணினி படிக்கும் வடிவில் கேட்டு வாங்கும் உரிமையைப் பயனருக்குத் தருகிறது.

காசு கொடுத்து வாங்கினால் மூட மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2011இல் 850 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டது. அதில் பணம் கட்டிப் பேசியவர்களும் இருந்தார்கள்.

உங்கள் விஷயத்தில் அறிவிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, அல்லவா? அந்த மின்னஞ்சலைக் கடைசி வரை படியுங்கள். இத்தனை நாள் உடன் வந்ததற்கு நன்றி என்று உருகி உருகி எழுதிவிட்டுக் கெடு தேதியை அடியில் எங்கேயாவது வைத்திருப்பார்கள். சேவை நிற்கும் நாளும் தரவை அழிக்கும் நாளும் வேறு வேறாக இருக்கலாம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சேவையின் கணக்கை வைத்து வேறு தளங்களில் உள்நுழைந்திருந்தால், முதலில் அங்கெல்லாம் போய் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் தனியாக அமைத்துவிடுங்கள். எக்ஸ்போர்ட்டைக்கூட அப்புறம் பார்க்கலாம்.

மூடப்போவது கடவுச்சொல் மேலாளராக இருந்தால் ஒன்றில் கவனம் வேண்டும். அதிலிருந்து இறங்கும் சிஎஸ்வி கோப்பில் (அட்டவணையை வெறும் டெக்ஸ்டாக வைத்திருக்கும் கோப்பு) கடவுச்சொற்கள் எல்லாம் அப்படியே வெட்டவெளிச்சமாக இருக்கும். புதியதில் ஏற்றிச் சரிபார்த்த கையோடு அதை அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.