வந்தவர் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ஐஸ்காஸ்ட் (ஒலியை நேரலையாக இணையத்தில் அனுப்பும் மென்பொருள்) சர்வர் வைத்துச் சிறிய இணைய வானொலி நடத்துகிறோம். பெரிய நாளிதழ் ஒன்று எங்களைப் பற்றி எழுதியபின் புது நேயர்கள் வருகிறார்கள், ஆனால் தங்குவதில்லை. சமூக ஊடக விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கலாமா?

பதில்: வேண்டாம். வந்தவரே நிற்காதபோது, காசு கொடுத்து இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்து விரட்டுவானேன்?

சர்வரின் ஆக்சஸ் லாகை, அதாவது நேயர் இணைப்புகளைப் பதியும் கோப்பை, திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியின் கடைசி எண், அந்த நேயர் எத்தனை வினாடி இணைப்பில் இருந்தார் என்பதைச் சொல்லும். ஐந்து, பத்து என்றே வரிசையாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் தொழில்நுட்பத்தில். முந்நூறு, நானூறு என்றால் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

முதல் வகைக்குக் கணக்குப் போடுங்கள். நொடிக்கு 128 கிலோபிட் ஸ்ட்ரீமை (ஒலி ஓட்டத்தை) 500 பேர் ஒரே நேரத்தில் கேட்க, சர்வரிலிருந்து நொடிக்கு 64 மெகாபிட் வெளியே போயாக வேண்டும். ஐஸ்காஸ்டின் மாதிரி அமைப்புக் கோப்பில் இணைப்புகளின் உச்சவரம்பு வெறும் 100. அதை அப்படியே விட்டிருந்தால், கட்டுரை வந்த அன்று பலருக்குக் கதவே திறந்திருக்காது. இணையதளம் ஹெச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு), ஸ்ட்ரீம் மட்டும் 8000 போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) பாதுகாப்பில்லாத சாதா ஹெச்டிடிபி என்றால் பிரவுசர் தடுக்கலாம். பல அலுவலக நெட்வொர்க்குகளும் தடுக்கும். ஸ்ட்ரீமையும் ஹெச்டிடிபிஎஸ் ஆக்கி 443 போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

ஸ்டுடியோவில் நெட் போனால் என்ன ஆகிறது? ஃபால்பேக் மவுண்ட் (நேரலை அறுந்தால் நேயருக்குப் போகும் மாற்று ஸ்ட்ரீம்) இல்லையென்றால் அத்தனை நேயரும் அறுந்து விழுவார்கள். மாற்று ஒலியும் அதே கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை), அதே சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) இருக்கட்டும். இல்லாவிட்டால் பிளேயர் திணறும். நேயரை நேரலைக்குத் திருப்பும் ஃபால்பேக் ஓவர்ரைட் அமைப்பை 1 ஆக்க மறந்தால், நேரலை திரும்பியும் நேயர்கள் மாற்று ஒலியிலேயே மாட்டிக்கொள்வார்கள். பாடல் பெயர் தமிழில் வராமல் பூச்சி பூச்சியாகத் தெரிகிறதா? எம்பி3 ஸ்ட்ரீமுக்கு ஐஸ்காஸ்ட் தானாக எடுத்துக்கொள்வது ஐஎஸ்ஓ 8859-1 என்ற எழுத்துக் குறியாக்கம்; அதில் தமிழ் இல்லை. அந்த ஸ்ட்ரீமின் மவுண்ட் அமைப்பில், தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 என்று மாற்றினால் தீர்ந்தது.

இரண்டாவது வகைக்கு சர்வர் பொறுப்பல்ல. பேச்சு முனகலாகவும் பாட்டு காதைக் கிழிப்பதாகவும் இருந்தால் யார் உட்காருவார்? இரண்டையும் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். கால் மணிக்கொருமுறை நிலையத்தின் பெயரையும் நிகழ்ச்சியின் பெயரையும் சொல்லுங்கள். தொகுப்பாளர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் கிண்டலைப் பழைய நேயர் ரசிப்பார். நேற்று வந்தவர் பிளேயரை மூடிவிட்டுப் போவார்.