மரத்தில் துளை போடும் முன்: ஃபிக்ஸ்டு பிரிட்ஜ் கேள்வி பதில்

சொந்தமாக எலெக்ட்ரிக் கிட்டார் செய்யும் சென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை பாதிக்கு மேல் பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகமான பிரிட்ஜ் பற்றியவைதான். அதிலும் டிரெமலோ (பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி) இல்லாமல், அசையாமல் நிற்கிற வகை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரம்பூர்: அண்ணா, இது என் முதல் கிட்டார். தேக்குப் பலகை வாங்கியாச்சு. ஹார்டுடெயில் போடுவதா, டியூன்-ஓ-மேட்டிக் போடுவதா?

தம்பி, உங்கள் நெக் பாடியில் எப்படி உட்காரப் போகிறது என்பதுதான் இதை முடிவு செய்யும். ஃபெண்டரின் ஸ்ட்ராட் கிட்டார் மாதிரி நெக்கின் அடிப்பாகம் 25 மி.மீ. தடிமன், அது உட்காரும் பாக்கெட் 16 மி.மீ. ஆழம் என்றால், ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட் கம்பிகள் பதித்த, விரல் அழுத்தும் பலகை) பாடிக்கு மேல் சுமார் 9 மி.மீ. நிற்கும். ஹார்டுடெயில் என்பது பாடியில் திருகும் தட்டையான பிரிட்ஜ். அதன் சேடில்கள், அதாவது ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்ன உலோகத் துண்டுகள், இந்த உயரத்துக்கென்றே அமைந்தவை. நெக்கை நேராக வைத்துத் திருகிவிடலாம்.

டியூன்-ஓ-மேட்டிக் இரண்டு தூண்களில் நிற்கும் பிரிட்ஜ்; 1954-இல் கிப்சனின் லெஸ் பால் கஸ்டம் கிட்டாரோடு வந்தது. அந்தக் கிட்டாரின் நெக் பின்னால் சாய்ந்திருக்கும். இந்த பிரிட்ஜை எவ்வளவு இறக்கினாலும் உயரமாகத்தான் நிற்கும். நேரான நெக்கில் போட்டால் கம்பிகள் ஃப்ரெட்டிலிருந்து எங்கோ மேலே போய்விடும். அதைச் சரிசெய்ய நெக்கைச் சில டிகிரி சாய்க்க வேண்டும், இல்லையென்றால் பாடியைக் குடைந்து பிரிட்ஜை இறக்க வேண்டும். முதல் கிட்டாரிலேயே அந்தச் சாய்வைக் கையால் பிசகாமல் கொண்டுவருவது கஷ்டம். ஹார்டுடெயில் போடுங்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் பாக்கெட்டை வெட்டுங்கள்.

வேளச்சேரி: 648 மி.மீ. ஸ்கேல், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டிலிருந்து சேடில் வரை கம்பி அதிரும் நீளம். நட்டிலிருந்து 648 அளந்து அங்கே பிரிட்ஜை வைத்தால் போதும்தானே?

போதாது. இதில் நானே ஒரு பாடியைக் கெடுத்திருக்கிறேன். சேடில்கள் எல்லாம் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்த நிலையில் 648-க்குக் குறித்து, துளையும் போட்டுவிட்டேன். தடித்த E கம்பியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி ஏறிக்கொண்டே இருந்தது. சேடிலை இன்னும் பின்னால் இழுக்க வேண்டும், ஆனால் இழுக்க இடமே இல்லை. பழைய துளைகளில் தேக்குக் குச்சியைப் பசை தடவி இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, சீவிச் சமப்படுத்தி, 5 மி.மீ. தள்ளி மறுபடியும் துளைத்தேன். புதுத் துளை பாதி குச்சியிலும் பாதி மரத்திலும் விழுந்ததால் டிரில் பிட் ஒரு பக்கமாக இழுத்தது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். நட்டின் முன்விளிம்பிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் நடு வரை இரும்பு அளவுகோலால் அளங்கள். 324 வர வேண்டும். அதன் இரு மடங்குதான் உங்கள் ஸ்கேல். மெல்லிய E-யின் சேடிலை முன்னால் தள்ளி, இன்னும் ஓரிரு மி.மீ. மட்டும் முன்னே போகிற மாதிரி நிறுத்துங்கள். கம்பி சேடிலைத் தொடும் புள்ளி 648-இல் இருக்கட்டும். தடித்த E இதற்கு 3 முதல் 5 மி.மீ. பின்னால் போகும், அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

குறித்ததும் துளைக்க வேண்டாம். இரண்டு தையல் நூலை நட்டின் இரு ஓரக் காடிகளிலிருந்து ஓரச் சேடில்கள் வரை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட்டில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி தெரிந்தால் மட்டும் துளை.

தாம்பரம்: பிரிட்ஜில் 52.5, 56 என்று இரண்டு அகலம் சொல்கிறார்கள். எதை வாங்குவது?

ஓரக் கம்பி இரண்டுக்கும் இடையிலான தூரம் அது. 56 பழைய ஸ்ட்ராட் அளவு, 52.5 பிற்பாடு வந்தது. குறுகலான நெக்கில் 56 போட்டால் மேல் ஃப்ரெட்டுகளில் மெல்லிய E விளிம்பைத் தாண்டி நழுவும். மேலே சொன்ன நூலே பதில் சொல்லிவிடும்.

அம்பத்தூர்: கம்பி பாடியின் பின்புறத்திலிருந்து வந்தால்தான் நாதம் நீளுமாமே?

என் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 45 மி.மீ. மரத்தில் ஆறு துளைகளைக் கை டிரில்லால் நேராகப் போட முடியாது. பின்பக்கம் வரிசை கோணலாகித்தான் வெளிவரும். உங்கள் பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்? நேராகத் துளைக்கும் பில்லர் டிரில் உள்ள இடத்தில் கொடுத்துப் போட்டு வாங்குங்கள். அதுவும் வேண்டாமென்றால் பிரிட்ஜின் பின்விளிம்பிலேயே கம்பி கோக்கிற வகையை எடுங்கள்.

கொளத்தூர்: பித்தளைச் சேடிலா, ஸ்டீலா?

பிடித்ததை வாங்குங்கள். அளவு சரியாக இருப்பது முக்கியம்.

திருவான்மியூர்: ஒரே வருஷத்தில் சேடில் திருகுகள் துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கின்றன.

கடல் காற்று ஒரு பக்கம், உள்ளங்கை வியர்வை ஒரு பக்கம். சேடிலின் உயரத்தைச் சரிசெய்யும் அந்தக் குட்டித் திருகுகள்தான் முதலில் போகும். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் சரியான ஆலன் கீயைப் போடுங்கள். சிலவற்றுக்கு 1.5 மி.மீ., அமெரிக்க அளவுக்கு 1.27. பெரிய துளையில் சின்னக் கீயைப் போட்டுத் திருகினால் உள்முனை வழவழவென்று ஆகிவிடும். மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாக வாங்குங்கள். புதிதிலேயே மரைகளில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு வையுங்கள். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒரு துடைப்பு.

மயிலாப்பூர்: எல்லாம் மாட்டியாச்சு, 'உம்ம்' என்ற இரைச்சல். கம்பியைத் தொட்டாலும் குறையவில்லை, கேபிள் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது.

பிரிட்ஜுக்கு எர்த் வயர் போய்ச் சேரவில்லை. ரிச்சி தெருவில் சாதாரண மல்டிமீட்டர் கிடைக்கும். ஒரு முனையைப் பிரிட்ஜிலும் இன்னொன்றை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வைத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் பிரிட்ஜைக் கழற்றுங்கள். அடியில் வரும் வயரின் நுனியை ஓர் அங்குலம் உரித்து, விசிறி மாதிரி விரித்து, தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே வைத்து இறுக்குங்கள். அந்த இடத்தில் வார்னிஷோ பெயின்ட்டோ தகட்டின் அடியில் ஒட்டியிருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள்.