அலுவலகத்தில் பொய்க் கணக்கு, வீட்டில் வறண்ட ஜெபம்: எங்கே நிற்பது?

கேள்வி: ஐயா, நான் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நடக்காத பயணங்களுக்குச் செலவு ரசீது தயாரித்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேலதிகாரி. அந்தப் பணத்தில் ஒரு பைசாகூட எனக்கு வராது. இரண்டு தடவை போட்டுவிட்டேன், மாதக் கடைசியில் மறுபடி கேட்பார்கள். இன்னொரு பக்கம், சில மாதங்களாக ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. ஆராதனைக்குப் போகிறேன், வருகிறேன், அவ்வளவுதான். உலகத்தில் எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது? நான் கடைசிவரை நிலைத்திருப்பேனா என்றே பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரரே, கையெழுத்தை ஒரு பிரச்சினையாகவும் ஜெபத்தை இன்னொரு பிரச்சினையாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. தாவீது 32ஆம் சங்கீதத்தில், பாவத்தை அடக்கிவைத்த காலத்தில் தன் எலும்புகள் உலர்ந்துபோனதாகவும், தன் சாரம் கோடை வறட்சிபோல வறண்டதாகவும் சொல்கிறார். பேச வேண்டிய ஒரு விஷயத்தை மறைத்துவைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தேவனிடம் பேச முயன்றால் வார்த்தை வராதுதான். ஜெபம் வறண்டுபோனால் அடுத்த கையெழுத்து இன்னும் சுலபமாகிவிடும். முதல் கையெழுத்து எந்த மாதம், ஜெபம் நின்றது எந்த மாதம் என்று நீங்களே பொருத்திப் பாருங்கள்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எல்லா வறட்சிக்கும் பாவம் காரணமில்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்டபோது கர்த்தர் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார், சாப்பாடு கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார். நீங்கள் வெறுமனே களைத்துப்போயிருந்தால் உங்களுக்குத் தேவை ஓய்வு. ஆனால் உங்கள் கடிதத்தில் மனசாட்சியின் குரல் தெளிவாகவே கேட்கிறது.

சரி, எங்கே விட்டுக்கொடுக்கலாம்? தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். தானியேல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூத இளைஞர். பாபிலோன் அவருக்குப் புதுப் பெயர் வைத்தது. பெல்தெஷாத்சார் என்ற அந்தப் பெயரில் அந்நிய தேவனின் வாசனை இருந்தும் அவர் அதற்காகச் சண்டை போடவில்லை. கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் மூன்று வருடம் படித்தார். தங்கள் ஊரைப் பிடித்த ராஜாவின் அரண்மனையில் உத்தியோகமும் பார்த்தார். ராஜாவின் போஜனம் என்ற ஒரே இடத்தில்தான் நின்றார். அதாவது, எதிர்க்கக்கூடிய எல்லாவற்றையும் அவர் எதிர்க்கவில்லை. தன்னைத் தீட்டுப்படுத்தும் என்று தெரிந்த இடத்தை முன்கூட்டியே அடையாளம் கண்டு, அங்கே மட்டும் அசையவில்லை.

மறுத்த விதத்தையும் கவனியுங்கள். கூச்சல் இல்லை. பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டார். அந்த மனிதர் தன் தலைக்கு ஆபத்து என்று பயந்தபோது அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று விசாரிப்புக்காரனிடம் ஒரு மாற்று வழியை வைத்தார். பல விசுவாசிகள் சறுக்குவது இங்கேதான். மறுக்கத் தெரியாமல் பணிந்துபோகிறார்கள், இல்லாவிட்டால் மறுக்கிற சாக்கில் மற்றவர்களை அவமதிக்கிறார்கள்.

அப்போஸ்தலர் பவுலும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார். கடையில் விற்கிற இறைச்சியை விசாரிக்காமல் சாப்பிடலாம், அழைத்தால் விருந்துக்கும் போகலாம். ஆனால் இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால் சாப்பிட வேண்டாம் என்று 1 கொரிந்தியர் 10இல் எழுதுகிறார். உடை, உணவு, யாரோடு பழகுவது போன்றவற்றில் சூழ்நிலையையும் மற்றவருடைய மனசாட்சியையும் பார்த்து முடிவெடுக்க இடமிருக்கிறது. அவற்றில் இரண்டு நல்ல விசுவாசிகள் இரண்டு விதமாக நடக்கலாம். நடக்காததை நடந்ததாகக் கையெழுத்திட்டுச் சொல்வது அந்த வகையில் சேராது. அது பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளைகளிலேயே அது முடிந்துவிட்டது.

பணம் உங்களுக்கு வரவில்லை, வெறும் காகிதம்தானே என்ற எண்ணம் உங்களுக்குள் ஓடுகிறது. அது மிகப் பழைய எண்ணம். 250ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் டீசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் தாள்களில் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் உண்டு. சில கிறிஸ்தவர்கள் மறுத்துச் சிறைக்குப் போனார்கள், சிலர் பயந்து பலியிட்டார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருந்தது: பலியிடாமலே, அதிகாரிக்குப் பணம் கொடுத்துப் பலியிட்டதாகச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். ‘நாங்கள் பலியிடவில்லையே, காகிதம்தானே வாங்கினோம்’ என்பது அவர்கள் நியாயம். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன் அதை ஏற்கவில்லை. செய்யாததைச் செய்ததாக ஒத்துக்கொள்வதும் மறுதலிப்புதான் என்று பார்த்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை, உங்களுக்கு முக்கியமானது இனிமேல்தான். விழுந்தவர்களை இனி சபையில் சேர்க்கவே கூடாது என்று ரோமில் நொவேஷியன் என்ற மூப்பர் பிடிவாதமாக நின்றார். சபை அந்த வழியில் போகவில்லை. 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் ஒவ்வொருவருடைய நிலையையும் தனித்தனியே விசாரித்து, காகிதம் மட்டும் வாங்கியவர்கள் மனந்திரும்பியிருந்தால் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். பாவத்தைச் சின்னதாக்காமலே வாசலைத் திறந்துவைத்தார்கள். உங்கள் இரண்டு கையெழுத்துகளையும் அப்படியே பாருங்கள்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். மேலதிகாரி மேசை முன்னால் நிற்கும்போது முடிவெடுக்காதீர்கள். அந்த நிமிடத்தில் பயம்தான் ஜெயிக்கும். இன்றே தேவனிடம் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். ‘என் குறைகளை மன்னியும்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இன்ன ரசீதில் பொய்க் கையெழுத்துப் போட்டேன்’ என்று சொல்லுங்கள். பிறகு, வாயைக் காக்கத் தெரிந்த முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் சொல்லுங்கள். முழுச் சபைக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மேலதிகாரியிடம் தனியாக, சுருக்கமாகப் பேசுங்கள். ‘நடக்காத பயணத்துக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது, சார். உண்மையான செலவு ஏதாவது ரசீது இல்லாமல் இருந்தால் அதை முறையாகக் காட்ட என்ன வழி என்று நான் பார்த்துத் தருகிறேன்.’ இது போதும். பிரசங்கம் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். காரணம் கேட்டால் அப்போது உங்கள் விசுவாசத்தைச் சொல்லுங்கள். ஏற்கெனவே போட்ட கையெழுத்துகளைச் சரிசெய்ய வேண்டியதும் உண்டு; வரி வசூலித்து வந்த சகேயு இயேசுவைச் சந்தித்து மனம் மாறியபோது கணக்கையும் நேராக்கினார். அதில் சட்டப் பொறுப்பு இருப்பதால், முதலில் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். தப்பிக்க வழி தேடி அவரிடம் போகாதீர்கள், உண்மையை எப்படி முறையாகச் சொல்வது என்று கேட்கப் போங்கள்.

வேலை போகாது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படி வாக்குக் கொடுக்கிறவர்களை நம்பாதீர்கள். பாபிலோன் ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற தானியேலின் நண்பர்கள் மூன்று பேரும் தேவன் தங்களை விடுவிக்க வல்லவர் என்றார்கள், ‘விடுவிக்காமற்போனாலும்’ என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதனால் வீட்டில் இப்போதே பேசுங்கள், வேறு வேலையும் தேட ஆரம்பியுங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

ஜெபத்துக்கு வருகிறேன். வார்த்தை வராதபோது சங்கீதங்களைச் சத்தமாக வாசியுங்கள். சங்கீதக்காரரின் வார்த்தைகளை உங்கள் வார்த்தைகளாக்கிக்கொள்ளுங்கள். 32, 51, 130 மூன்றும் இந்த நேரத்துக்குப் பொருந்தும். உணர்ச்சி வரும்வரை காத்திருக்க வேண்டாம், நேரத்தைக் குறித்து உட்காருங்கள். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் முப்பது நாள் விண்ணப்பம் பண்ணக்கூடாது என்ற சட்டம் வந்தபோதும் தானியேல் ‘தான் முன் செய்துவந்தபடியே’ மூன்று வேளையும் முழங்கால்படியிட்டார். நெருக்கடிக்காக அவர் புதிதாக எதையும் தொடங்கவில்லை.

கடைசிவரை நிலைத்திருப்பேனா என்று கேட்டீர்கள். இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதில் சபைப் பிரிவுகள் நீண்ட காலமாக வேறுபடுகின்றன. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. உங்களுக்கு 2 தீமோத்தேயு 4இல் அடுத்தடுத்து வரும் இரண்டு வசனங்களைக் காட்டுகிறேன். பத்தாவதில் தேமா, இந்தப் பிரபஞ்சத்தின்மேல், அதாவது இந்த உலகத்தின்மேல், ஆசைவைத்துப் பவுலைவிட்டுப் பிரிந்துபோகிறான். அதற்கு முன்பு அவன் பவுலின் உடன்வேலையாள். பதினொன்றாவதில் மாற்கு. பம்பிலியா நாட்டில் ஊழியத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனவன், அதனாலேயே பவுல் கூட்டிக்கொண்டு போக மறுத்தவன். அவனை அழைத்துக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று வயதான பவுல் எழுதுகிறார். பேதுருவிடம் ஆண்டவர் சொன்னதும் இதோடு சேரும். அவன் தம்மைத் தெரியாது என்று மறுதலிப்பதற்கு முன்பே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்றார். விழுவான் என்று தெரிந்தேதான் வேண்டிக்கொண்டார். உங்களுக்காகவும் அவர் வேண்டிக்கொள்கிறார்.

மாதக் கடைசிவரை தள்ளிப்போடாமல், நான் சொன்ன அந்த முதிர்ந்த விசுவாசியை இந்த வாரமே போய்ப் பாருங்கள். மேலதிகாரியிடம் பேசும் நாளையும் நேரத்தையும் அவரிடம் சொல்லிவைத்து, அந்த நேரத்தில் உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். பேசி முடித்ததும், என்ன நடந்திருந்தாலும், முதலில் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.