இனத் தேசியவாதமும் கிறித்தவர்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஜேர்மனியின் மேற்குப் பகுதியில் நீண்ட காலமாக வசிக்கும் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் கெவலார் யாத்திரைக்குப் போவேன். ஞாயிறுகளில் எங்கள் ஊர் ஜேர்மன் பங்கின் (கோவில் சமூகத்தின்) பாடகர் குழுவில் பாடுவேன். கடந்த தேர்தலின் பின், என்னோடு பல காலமாகப் பாடிவரும் ஒருவர் தான் ஏ.எஃப்.டி. என்ற தீவிர வலதுசாரிக் கட்சிக்கு வாக்களித்ததாகச் சொன்னார். என்மீது அவருக்கு வெறுப்பு எதுவும் இல்லை. "உங்களைப் போன்றவர்களைச் சொல்லவில்லை" என்கிறார். அக்கட்சிக்கு எதிராக 2024இல் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) வெளியிட்ட அறிக்கையைப் பங்குப் பேரவையில் பேசவேண்டும் என்று சிலர் கேட்டபோது, கோவிலுக்குள் அரசியல் வேண்டாம், அதிகாரத்துக்குப் பணியும்படி விவிலியத்தின் உரோமையர் திருமுகம் 13ஆம் இயலில் பவுலே சொல்கிறாரே என்று பதில் வந்தது. ஆயர்கள் செய்தது சரியா? என்னைப் போன்ற சாதாரண விசுவாசி என்ன செய்யவேண்டும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ஆயர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். 2024 பிப்ரவரி 22 அன்று ஆக்ஸ்பர்கில் ஜெர்மன் ஆயர் பேரவை ஒருமனதாக வெளியிட்ட அந்த அறிக்கை, வம்சாவளியைக் கொண்டு யார் நம்மவர் என்று தீர்மானிக்கும் இனத் தேசியவாதம் கடவுளையும் மனிதரையும் பற்றிய கிறித்தவப் புரிதலோடு பொருந்தாது என்றும், அதைப் பரப்பும் கட்சிகளில் கிறித்தவர்கள் பணியாற்றவோ அவற்றுக்கு வாக்களிக்கவோ இயலாது என்றும் சொல்கிறது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி 20.8 விழுக்காடு வாக்குகளோடு இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டதால் அறிக்கை வீணாயிற்று என்பவர்கள் உண்டு. ஓர் அறநிலைப்பாட்டை வாக்கு எண்ணிக்கையால் அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. என் கவலை வேறு.

இதே போன்ற ஒரு தடை அந்நாட்டில் முன்பும் இருந்தது. கத்தோலிக்கர் எவரும் நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருக்க முடியாது என்று 1930இல் மைன்ஸ் மறைமாவட்டம் அறிவித்தது. மற்ற மறைமாவட்டங்களின் ஆயர்களும் வெவ்வேறு அளவு கடுமையோடு தம் மக்களை எச்சரித்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து, 1933 மார்ச் 23 அன்று நாடாளுமன்றத்தில் திருச்சபைகளின் உரிமைகளை மதிப்பதாக வாக்களித்தார். ஐந்தே நாட்களில், மார்ச் 28 அன்று, ஆயர்கள் அந்தப் பொதுவான தடைகளையும் எச்சரிக்கைகளையும் விலக்கிக்கொண்டார்கள். ஏப்ரல் 1 அன்று யூதர்களின் கடைகள் புறக்கணிப்புக்கு உள்ளாயின; ஏப்ரல் 7இல் வந்த சட்டம் யூதர்களை அரசுப் பணியிலிருந்து வெளியேற்றியது. ஜூலை 20 அன்று, கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அமைப்புகளுக்கும் பாதுகாப்பு தருவதாகச் சொன்ன ஒப்பந்தத்தில் வத்திக்கானும் ஹிட்லரின் அரசும் கையெழுத்திட்டன. ஆயர்களுக்குக் கொள்கை தெரியாமல் இல்லை. நெருக்கடி வந்தபோது, தமக்குரியதைக் காத்துக்கொள்வதே முதல் கடமை என்று அவர்களுக்குத் தோன்றியது.

சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) திருச்சபைகளிலும் இதே குறையைக் காண்கிறேன், அதுவும் அவர்கள் மிகத் துணிவாக நடந்துகொண்ட இடத்திலேயே. 1934 மே மாத இறுதியில் வுப்பர்டால் நகரின் பார்மன் பகுதியில் அத்திருச்சபைகளின் 139 பிரதிநிதிகள் கூடி, பெரும்பாலும் இறையியலாளர் கார்ல் பார்ட் எழுதிய ஆறு கூற்றுகள் கொண்ட அறிக்கையை ஏற்றார்கள். திருச்சபை செவிமடுக்க வேண்டிய ஒரே வார்த்தை கிறிஸ்துவே. அவருக்கு அருகில் வேறெந்த ஆற்றலையோ வரலாற்று நிகழ்வையோ இறைவெளிப்பாடாக வைக்க முடியாது. மனித வாழ்வு முழுவதையும் தனக்குள் அடக்கிக்கொள்ள அரசுக்கு உரிமை இல்லை. இதையெல்லாம் அன்று பொதுவில் சொல்வதற்குப் பெரும் நெஞ்சுரம் வேண்டும். இதற்கு எதிராக, குடும்பமும் மக்களினமும் இரத்த உறவும் கடவுள் வகுத்த ஒழுங்குகள் என்று வாதிட்டு, ஹிட்லரைத் தலைவராகத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன இறையியல் பேராசிரியர்களும் அதே ஆண்டு ஜூன் மாதம் அறிக்கை விட்டார்கள் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஆனால் பார்மன் அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத் தன் குற்றமாகவே பார்ட் 1967இல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். திருச்சபையின் விடுதலைக்காகப் போராடியவர்கள், திருச்சபைக்கு வெளியே வேட்டையாடப்பட்டவர்களுக்காக ஒன்றுகூடிக் குரல் எழுப்பவில்லை.

நாஜிகளை எதிர்த்துக் கொல்லப்பட்ட இறையியலாளர் போன்ஹோஃபரை உலகம் அறியும். எலிசபெத் ஷ்மிட்ஸ் என்ற பெர்லின் பள்ளி ஆசிரியையைச் சிலரே அறிவர். நீங்கள் கேட்கும் 'சாதாரண விசுவாசி' அவர்தான். யூத வம்சாவளியினர் ஜெர்மனியில் அன்றாடம் படும் அவமதிப்புகளையும், அவர்களின் குழந்தைகள் பள்ளியில் படும் பாட்டையும் தொகுத்து, திருச்சபை ஏன் வாய்மூடி இருக்கிறது என்று கேட்டு, 1935இல் ஒரு நீண்ட குறிப்பாணையை அவர் எழுதினார். அடுத்த ஆண்டு அதை விரிவாக்கினார். அதில் தம் பெயரைப் போடாமல் பிரதிகள் எடுத்துத் திருச்சபைத் தலைவர்களிடம் சேர்ப்பித்தார். திருச்சபையின் பொதுத் தீர்மானமாக எதுவும் வரவில்லை. 1938 நவம்பரில் யூதத் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டபின், இந்த அரசு கேட்கிறபடி கற்பிக்க இயலாது என்று கூறிப் பணியிலிருந்து விலகினார். துரத்தப்பட்டவர்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். அந்தக் குறிப்பாணையை எழுதியவர் அவரே என்பது, அவர் 1977இல் மறைந்து இருபதாண்டுகளுக்குப் பிறகே நிறுவப்பட்டது. பவுலின் சொற்களை அறியாதவர் அல்லர் அவர். சமயமும் அவர் கற்பித்த பாடங்களில் ஒன்று.

உரோமையர் 13ஐ உங்களிடம் சொன்னவர்கள், இன்றைய ஜெர்மனியில் 'அதிகாரம்' எங்கே இருக்கிறது என்று யோசிக்கவேண்டும். மனித மாண்பு மீறப்பட முடியாதது, அதை மதிப்பதும் காப்பதும் அரசின் முழு அதிகாரத்துக்கும் கடமை என்று 1949இன் அடிப்படைச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே சொல்கிறது. இந்நாட்டில் பவுலுக்குக் கீழ்ப்படிய விரும்புகிறவர் அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். மேலும், பவுல் அதே இயலில் சில வரிகளுக்குப் பிறகு திருச்சட்டம் முழுவதையும் அடுத்திருப்பவர்மீதான அன்பில் அடக்கிவிடுகிறார். பணிவைப் பற்றி மட்டும் வாசித்துப் புத்தகத்தை மூடிவிடுவது நேர்மையான வாசிப்பு ஆகாது.

இனி உங்கள் நண்பர். பாடகர் குழுவிலிருந்து நீங்கள் விலகவேண்டாம். அவரை விலக்கும்படியும் கேட்கவேண்டாம். தீவிரவாதத்தை உறுதியாக மறுக்கும் ஆயர்களின் அறிக்கையும், அத்தகைய கருத்துகளால் ஈர்க்கப்பட்டிருந்தாலும் பேசத் தயாராக இருப்பவர்களோடு உரையாடல் தொடரவேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் "உங்களைப் போன்றவர்களைச் சொல்லவில்லை" என்று அவர் தரும் விலக்கை ஏற்காதீர்கள். அப்படியானால் யாரைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அகதிகள் இல்லத்திலிருக்கும் சிரியக் குடும்பத்தையா, சென்ற ஆண்டு வந்த ஆப்கானிஸ்தான் இளைஞனையா என்று ஒவ்வொருவராகச் சுட்டிக் கேளுங்கள். பழகிய ஒருவருக்கு மட்டும் சலுகை தந்துவிட்டு மற்றவர்களை மொத்தமாகக் கைவிடுவதற்கு அந்த வாக்கியம் வழி செய்கிறது. உங்கள் மனத்தாங்கலைத் தீர்ப்பதாக அது தோன்றும். அந்த ஆறுதலுக்கு நீங்கள் இணங்கிவிட்டால், அவருக்கு அதற்குமேல் யோசிக்க வேண்டியதே இல்லை.

பெர்லினின் புனித ஹெட்விக் பேராலயத்தில் பெர்ன்ஹார்ட் லிஷ்டன்பெர்க் என்ற குரு, 1938 நவம்பருக்குப் பிறகு மாலை வழிபாட்டில் யூதர்களுக்காக வெளிப்படையாக மன்றாடினார். அதற்காகவே 1941இல் கைதானார். 1943இல் டாகாவ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்தார். இன்று உங்கள் பங்கில் அத்தகைய ஆபத்து எதுவும் இல்லை. ஞாயிறு மன்றாட்டுகளைத் தயாரிப்பவர்களிடம், உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கும் அகதிகளை அவர்களின் நாடுகளைச் சொல்லிச் சேர்க்கும்படி கேளுங்கள். பங்குப் பேரவையில் அறிக்கையைப் பற்றிய உரையாடலை மறுபடியும் கோருங்கள். இம்முறை, அந்த அகதிகள் இல்லத்துக்கு நம் பங்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற கேள்வியையும் அதோடு சேர்த்து எழுத்திலேயே கொடுங்கள்.